ஒரு விரல்தானே என்று எண்ணலாமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி, மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சிறு பொதியுடன் பள்ளிவாசலுக்கு வந்தார். மருத்துவமனையில் அவருடைய அத்தாவின் கால் பெருவிரலை அன்று காலையில் அகற்றியிருந்தார்கள். அந்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கலங்கி நின்றார். உயிருடன் இருப்பவரின் உடலிலிருந்து பிரிக்கப்பட்ட உறுப்புக்குக் குளிப்பாட்டுதலோ ஜனாஸாத் தொழுகையோ இல்லை என்றும், அதனைக் கண்ணியமாக அடக்கம் செய்தால் போதும் என்றும் ஹஜ்ரத் அவர்கள் எடுத்துரைத்தார்கள். மையவாடியின் ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் குழி தோண்டி அதனை அடக்கினோம். திரும்பி வரும்போது எங்களில் ஒருவர், "ஒரு விரல்தானே, அல்லாஹ் காப்பாற்றினான்" என்றார். நாங்கள் அனைவரும் ஆமோதித்தோம்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பெரியவர் ஜும்ஆவுக்கு நடந்தே வந்துவிட்டார். காலில் கட்டு, கட்டின் மேல் ஒரு பாலித்தீன் பை. எல்லோரும் எழுந்து ஸலாம் கூறினோம். முதல் ஸஃப்பில் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். அவருடைய ஈமானின் உறுதியைப் பாராட்டினோம். தொழுகை முடிந்து அவர் எழுந்தபோது விரிப்பில் இரத்தக் கறை இருந்தது. "வலிக்கிறதா?" என்று கேட்டோம். "இல்லையே, ஒன்றும் தெரியவில்லை" என்று புன்னகையோடு கூறினார். தையல் பிரிந்திருந்தது. அவரும் அறியவில்லை, நாங்களும் அதன் பொருளை உணரவில்லை. ஆறு வாரங்களுக்குள் சீழ் எலும்பைப் பிடித்து அடுத்த இரு விரல்களும் போயின. அதன்பின் முழங்காலுக்குக் கீழே காலே போயிற்று.

இந்த நிகழ்ச்சியை அவருடைய அனுமதியோடுதான் கூறுகிறோம். அனுமதி என்பதைவிட, அவரே சொல்லச் சொன்னார் என்பதே சரி. "என்னை அன்று வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒருவர் இருந்திருந்தால் போதும்" என்று அவர் கூறியதுதான் இன்றைய அமர்வுக்குக் காரணம். குறை அவருடையது மட்டுமன்று. முதல் ஸஃப்பில் இடம் விட்ட நம் அனைவருடையதும் ஆகும்.

விரல் ஏன் போகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 சதவீதம் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கை நம் பள்ளிக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு ஸஃப்பில் இருபது பேர் நின்றால் அவர்களில் இருவர் சர்க்கரை நோயாளிகள்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும்போது காலில் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், நெருப்பே பட்டாலும் தெரிவதில்லை. இரண்டாவது, இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. ஆகவே புண்ணை ஆற்றவேண்டிய இரத்தம் விரல் நுனிவரை சென்று சேர்வதில்லை. இவ்விரண்டோடு கிருமியும் சேர்ந்துகொண்டால், சிறு கொப்புளம் சில நாட்களிலேயே கருத்த அழுகலாகிவிடும். அழுகல் மேலேறிக் காலையோ உயிரையோ கொண்டுபோகாமல் தடுக்கவே மருத்துவர்கள் விரலை அகற்றுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அகற்றப்படுவது விரல் மட்டுமே. விரலைக் கொண்டுபோன காரணங்களான மரத்துப்போன நரம்பும், அடைபட்ட குழாயும், ஏறிய சர்க்கரையும் அந்தக் காலிலேயே இருக்கின்றன. மறு காலிலும் இருக்கின்றன. எனவே அறுவைச் சிகிச்சையோடு நோய் முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழையாகும். அன்றுதான் காவல் தொடங்குகிறது.

வலி என்னும் காவலாளி

இதனை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வின் தொடக்கம் நம் தமிழகத்தில்தான் நிகழ்ந்தது என்பது பலருக்கும் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர் 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. அவர் உற்றுநோக்கிக் கண்டது வேறு. உணர்ச்சியற்ற விரல்கள் சூடுபட்டும், வெட்டுப்பட்டும், இடைவிடாத அழுத்தத்தாலுமே அழிகின்றன என்று அவர் நிறுவினார். இரவில் எலி கடித்ததைக்கூட உணராமல் நோயாளிகள் உறங்கியதை அறிந்து, ஆளுக்கொரு பூனையை வளர்க்கக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்கா சென்ற அவர், அதே வகைப் புண்களைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் கண்டார். 2003ஆம் ஆண்டு மறையும்வரை, வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த அருட்கொடை என்பதையே வலியுறுத்தி வந்தார்.

வலியை இறைவன் அமைத்த காவலாளி என்று கொள்வோமானால், சர்க்கரை நோயாளியின் காலில் அந்தக் காவலாளி உறங்கிவிட்டான் என்று பொருள். அவன் செய்த வேலையை இனிக் கண்கள் செய்ய வேண்டும். கண்பார்வை குறைந்தவராயின் வீட்டாரின் கண்கள் செய்ய வேண்டும். "வலிக்கவில்லை, எனவே ஒன்றுமில்லை" என்னும் சொல்லை நம் வீடுகளிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

அறுவைக்குப் பின் முதல் வாரங்கள்

விரலை அகற்றியபின் சிலருக்குக் காயத்தைத் தைத்து மூடுவார்கள். கிருமி மிகுந்திருந்தால் தைக்காமல் திறந்தே விட்டு, நாள்தோறும் கட்டு மாற்றி, அடியிலிருந்து சதை வளர்ந்து மூடும்படி செய்வார்கள். திறந்த புண்ணைக் கண்டு, "மருத்துவர் சரியாகத் தைக்கவில்லை" என்று குடும்பத்தார் மனம் வருந்துவதுண்டு. அது குறையன்று, சீழ் உள்ளே அடைபடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. தையல் போட்டவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் கழித்தும், சிலருக்கு அதற்கு மேலும் சென்றபின் தையல் பிரிப்பார்கள். புண் முழுவதும் ஆற, தைத்தவர்களுக்குச் சில வாரங்களும் திறந்த புண்ணுள்ளவர்களுக்குச் சில மாதங்களும் ஆகலாம். பொறுமை என்பது இங்கே மருந்தின் ஒரு பகுதியாகும்.

இந்த வாரங்களில் தலையாயது, அறுவை செய்த காலின் முன்பகுதியில் எடை படாமல் காப்பது. ஒவ்வோர் அடியிலும் நம் உடலின் முழுப் பாரமும் முன்பாதத்தின் மேல் ஏறி இறங்குகிறது. புதிதாக வளரும் மெல்லிய சதை அதனைத் தாங்காது. குதிகாலில் மட்டும் எடை தாங்கும் தனிவகைச் செருப்பையோ, கைப்பிடிச் சட்டமான வாக்கரையோ மருத்துவர் கொடுத்திருப்பார். கழிப்பறைக்குச் செல்லும் பத்து அடிகளுக்கும் அதனைப் பயன்படுத்த வேண்டும். "பக்கத்தில்தானே" என்று வெறுங்காலோடு சென்ற பத்து அடிகள் பத்து நாள் ஆற்றலைக் கெடுத்துவிடும்.

சர்க்கரை அளவு ஏறியிருந்தால் புண் ஆறுவது தடைப்படும். மாத்திரை உட்கொண்டு வந்தவர்களுக்கு இக்காலத்தில் மருத்துவர் இன்சுலின் எழுதிக்கொடுப்பதுண்டு. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை. புண் ஆறப் புரதமும் தேவை. முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றைச் சேர்த்து, சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். நலம் விசாரிக்க வருவோர் அன்பின் மிகுதியால் நெய்ச்சோறும் பழச்சாறும் ஹல்வாவும் கொண்டுவருகின்றனர். நோயாளியைச் சந்திப்பது பெரும் நன்மை. ஆனால் அந்த இனிப்புப் பொட்டலம் நோயாளிக்குச் செய்யும் தீமையையும் எண்ணிப் பாருங்கள். புகைப்பவர்கள் அன்றே நிறுத்திவிட வேண்டும். சுருங்கிய குழாயை மேலும் சுருக்குவது பீடியும் சிகரெட்டும்தான்.

நேரக்கூடிய சிக்கல்கள்

சிக்கல் எதுவும் சொல்லாமல் வருவதில்லை, நாம்தான் கேட்பதில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், சூடு, கெட்ட வாடை, சீழ், ஓரங்கள் கருத்தல், காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமின்றிச் சர்க்கரை திடீரென ஏறுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். "நாளை பார்ப்போம்", "திங்கட்கிழமை வழக்கமான நாளில் காட்டுவோம்" என்று தள்ளிப்போடலாகாது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

புண் மேலே மூடியும் சிறு துவாரம் வழியாக நீர் கசிந்துகொண்டே இருந்தால், உள்ளே எலும்பில் கிருமி தங்கியிருக்கலாம். இதற்குப் பல வாரங்கள் ஆன்டிபயாடிக் மருந்து தேவைப்படலாம். சிலருக்கு மேலும் சிறிது எலும்பை அகற்றவும் நேரிடலாம். புண் நன்கு பராமரித்தும் ஆறவில்லையெனில் இரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும். அடைப்பு இருந்தால் இதயத்திற்குச் செய்வது போலவே காலின் குழாயையும் பலூன் மூலம் விரிக்கவோ, மாற்றுப் பாதை அமைக்கவோ வழி உண்டு. மேலும் வெட்டவேண்டும் என்று கூறப்படும்போது, "இரத்த ஓட்டம் சோதிக்கப்பட்டதா, அதனைச் சீராக்க இயலுமா?" என்று கேட்பது நம் உரிமையும் கடமையும் ஆகும்.

இல்லாத விரலில் அரிப்போ எரிச்சலோ இருப்பதாகச் சிலர் கூறுவார்கள். அதனை மனப்பிரமை என்று ஏளனம் செய்யாதீர்கள். நரம்பின் இயல்பு அது, மருந்து உண்டு. மற்றொன்று மனச்சோர்வு. குடும்பத்திற்குச் சுமையாகிவிட்டோம் என்று எண்ணிப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு மருத்துவரும் தேவை. அருகில் அமரும் மகனும் தேவை.

ஆறியபின் வருவதே மிகுதியாக மறக்கப்படும் சிக்கல். பெருவிரல் போனபின் நடையே மாறுகிறது. அது தாங்கிய பாரம் அடுத்த விரலின் நுனிக்கும் உள்ளங்காலின் முன்மேட்டுக்கும் மாறுகிறது. நடுவிரல் போனால் இரு பக்க விரல்களும் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்கின்றன. புதிய இடங்களில் காய்ப்பு ஏற்பட்டு, காய்ப்பின் அடியில் புண் உருவாகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று, பாதப் புண் ஆறியவர்களுள் ஏறத்தாழ 100க்கு 40 பேருக்கு ஓராண்டுக்குள்ளும், 65 பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள்ளும் மீண்டும் புண் வருவதாகக் கூறுகிறது. அச்சுறுத்துவதற்காக இதனைக் கூறவில்லை. ஆறிய கால் குணமடைந்த கால் அன்று. பாதுகாப்பில் இருக்கும் கால் என்பதை உணர்த்தவே கூறுகிறோம். வலியின்றிப் பாதம் வீங்கிச் சூடாகிச் சிவந்தால், புண் இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். பாதத்தின் எலும்புகளே நொறுங்கி வடிவம் குலையும் நோயின் தொடக்கமாக அது இருக்கலாம்.

தொழுகையும் பாதமும்

இனி நம் பள்ளியோடு தொடர்புடைய செய்திக்கு வருகிறோம். உளூச் செய்யும்போது கால் விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட சுன்னத் ஆகும். பாதத்தை நாள்தோறும் ஒரு முறையேனும் பார்க்குமாறு உலகெங்கும் மருத்துவர்கள் கெஞ்சிக் கேட்கின்றனர். நமக்கோ ஐந்து வேளையும் கால்மீது கை வைக்கும் கடமை இருக்கிறது. கையை வைக்கும்போது கண்ணையும் வைத்தால் போதும். ஆனால் கழுவியபின் விரல் இடுக்கை ஈரமாக விட்டுவிடக் கூடாது. அந்த ஈரத்தில்தான் சேற்றுப்புண் தோன்றி, வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது. உலர்ந்த துணியால் மென்மையாக ஒற்றி எடுக்க வேண்டும். பாதத்தின் மேலும் அடியிலும் தேங்காயெண்ணெய் தடவலாம், இடுக்கில் தடவலாகாது.

காலில் கட்டு இருக்கும்போது அதனை நனைக்கக் கூடாது. பாலித்தீன் பையைச் சுற்றிக் கழுவுவதும் நம்பத்தக்கதன்று. கட்டுப் போட்டவருக்குக் கட்டின் மேல் மஸ்ஹு செய்வது, தயம்மும் செய்வது ஆகிய சலுகைகளை மார்க்கம் வழங்கியுள்ளது. ஹனஃபி, ஷாஃபியீ மத்ஹபுகளுக்கிடையே இதன் விளக்கத்தில் வேறுபாடு உண்டு என்பதால் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஸஜ்தாவிலும் இருப்பிலும் கால் விரல்களை மடக்கி ஊன்றுகிறோம். ஆறாத முன்பாதத்தின் மேல் இதைவிடப் பெரிய அழுத்தம் வேறில்லை. ஆகவே புண் ஆறி, மருத்துவர் அனுமதிக்கும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழுவதே தகும். நோயாளிக்கு ஜும்ஆவில் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. நெடுங்காலமாகத் தரையில் அமர்பவர்களுக்குக் கணுக்காலின் வெளிப்புறத்தில் கருத்த காய்ப்பு இருக்கும். சர்க்கரை நோயாளிகள் அதனையும் வெடிப்பு உண்டா என்று பார்த்துவர வேண்டும்.

ரமளானில் நோன்பு நோற்க விரும்புவோர், ஆறாத புண்ணும் வேளைக்கு வேளை மருந்தும் இருக்கும்போது மருத்துவரைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது. ஹஜ், உம்ரா செல்வோர் பயணத்திற்குச் சில மாதங்களுக்கு முன்பே பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே நாளொன்றுக்கு நடக்கும் தூரம் இங்கே ஒரு வாரம் நடக்கும் தூரத்தைவிட அதிகமாகலாம். செருப்பு தொலைந்து, வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் வெந்துபோய்த் திரும்பியவர்களுக்கு மருந்திட்டவர்கள் எங்கள் குழுவில் இருக்கின்றனர். செருப்பை ஒரு பையில் இட்டுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இஹ்ராமில் ஆண்கள் எவ்வகைச் செருப்பு அணியலாம், நோயின் காரணமாக என்ன சலுகை உண்டு என்பதை முன்கூட்டியே ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

சர்க்கரை நோயாளியின் காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். குளிக்கும் நீரின் சூட்டைக் கால் அறியாது. வீட்டில் உள்ள வேறொருவர் கையால் பார்க்கட்டும். காய்ப்பைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டுவதும், புண்ணில் காப்பித்தூளோ சுண்ணாம்போ பற்பசையோ அப்புவதும் வேண்டாம். துஆ ஓதுங்கள், ஓதி ஊதுங்கள், அதோடு மருத்துவரிடமும் செல்லுங்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்களே ஆவார்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். விரல் இடுக்கில் வார் செல்லும் ரப்பர் செருப்பு கூடாது. மரத்துப்போன பாதத்திற்கென மென்மையான எம்.சி.ஆர். ரப்பரால் ஆன, பின்புறம் வார் உள்ள செருப்பு கிடைக்கிறது. தொழுநோயாளிகளுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த அதுவே இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. விரல் இழந்தவர்கள் இடைவெளியை நிரப்பும் மெத்தையும் அளவெடுத்த உள்தளமும் பெறலாம். புதுச் செருப்பை மாலையில் வாங்குங்கள்; கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ உண்டா என்று தடவிப் பாருங்கள். தரையில் உறங்குவோர் எலி அண்டாதவாறு கட்டிலையோ கொசுவலையையோ பயன்படுத்துங்கள். வேலூரில் அன்று கண்டது இன்றும் நடக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை, விரல் இழந்தவர்கள் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பதும், நாடி பார்ப்பதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியில்லை. காலின் குழாய் அடைபட்டவருக்கு இதயத்தின் குழாயும் அடைபட வாய்ப்பு மிகுதி என்பதால், இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கவனிக்க வேண்டும்.

இவை யாவும் நடவாதவை அல்ல. நம் மஹல்லாவிலேயே ஒரு தாயார் ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது காலின் இரண்டாம் விரலை இழந்தார். முதலில் அவரும் திருமண வீட்டுக் காரியம் கெடுமென்று புண்ணை மறைத்தவரே. அதன்பின் அவருடைய மருமகள், இஷாவுக்குப் பின் நாள்தோறும் மாமியின் இரு பாதங்களையும் மடியில் வைத்து விளக்கொளியில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். இரு முறை சிறு கொப்புளத்தை அவர்தான் கண்டார். இரு முறையும் ஒரு வாரத்தில் ஆறிற்று. இன்றும் அந்தத் தாயார் ஒன்பது விரல்களோடு நடமாடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பெரும் செலவு ஆகவில்லை. நாளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

பொறுமையின் பொருள்

பொறுமை பற்றிப் பேசும்போதெல்லாம் உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் வரலாறு நம் மேடைகளில் கூறப்படுவதுண்டு. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களின் மைந்தரும், மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவருமான அவர்கள், கலீஃபா வலீதைச் சந்திக்க டமாஸ்கஸ் நோக்கிப் பயணம் செய்தபோது காலில் அழுகல் நோய் கண்டது, கால் அகற்றப்பட்டது. அதே பயணத்தில் மகனையும் இழந்தார்கள். எஞ்சியவற்றுக்காக இறைவனுக்கு நன்றி கூறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்த வரலாற்றில் நாம் பெரிதும் கவனிக்காத ஒன்று உண்டு. நோய் மேலேறும் என்று மருத்துவர்கள் எச்சரித்தபோது அவர்கள் மறுக்கவில்லை, காலை நீட்டினார்கள். பொறுமை என்பது புண்ணை மறைத்துக்கொண்டு நடப்பதன்று. மருத்துவரின் சொல்லைக் கேட்டு, வீட்டில் அமர்ந்திருக்கும் அந்த ஆறு வாரங்களும் பொறுமைதான்; எஞ்சிய ஒன்பது விரல்களைப் பேணுவதும் நன்றி செலுத்துவதுதான்.

ஜமாஅத்தின் முன் வைக்கும் கோரிக்கை

இறுதியாக, மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, வாயிலிலிருந்து உளூச் செய்யும் இடம்வரை கல் பாவிய முற்றத்தில் தென்னை நார் விரிப்பு இட வேண்டும். கோடைக்கால லுஹர் வேளையில் அந்தக் கல்லின் சூட்டை நம்மில் சிலரால் உணர இயலாது. இரண்டாவது, மருத்துவச் செருப்பு அணிந்தவர்கள் விரிப்பின் ஓரம்வரை அதனோடு வந்து, அங்கேயே கழற்றி வைக்கத் தனி மரத்தட்டு அமைக்க வேண்டும். மூன்றாவது, ஸஃப்பின் இரு ஓரங்களிலும் நிலையான நாற்காலிகள் இடுவதோடு, அவற்றில் அமர்வோரை, "இவருக்கு என்ன நோய்?" என்பது போல் பார்க்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நான்காவது, வசதியற்றவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு வாங்கவும், கட்டு மாற்றும் நாட்களில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஒரு நிதி ஒதுக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர இளைஞர்கள் முன்வர வேண்டும்.

இவற்றுக்கு மேல் ஒரு வேண்டுகோளும் உண்டு. அதற்குத் தீர்மானம் தேவையில்லை. காலில் கட்டோடு ஒரு சகோதரர் பள்ளிக்கு நடந்து வருவதைக் கண்டால் அவரைப் பாராட்டாதீர்கள். கையைப் பிடித்து, "பாய், வீட்டிலேயே தொழுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்று கூறி, வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டுவாருங்கள். பின்னர் சொன்னபடி சென்று பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் செய்யத் தவறியது அது ஒன்றுதான்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! எஞ்சிய உறுப்புகளைப் பேணி, அவன் வழியில் நடக்கும் பாக்கியத்தை நம் பாதங்களுக்கு வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.